எந்தக் கருவை?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் பேச்சுப்போட்டி. 'சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுவோம்' என்பது தலைப்பு. 'சீமைக்கருவேலத்தின் தீமைகள்' என்று கூகுளில் தேடி நாற்பது கட்டுரை படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம். எந்தச் சொற்களைப் போட்டுத் தேட வேண்டும்? மேற்கோள் குறி, கழித்தல் குறியெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது? ஏஐயிடம் கேட்கலாமா?

க.

அன்புள்ள க.,

குறிகளை உங்கள் கல்லூரி நூலகர் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தருவார். போய்க் கேளுங்கள், பாவம், அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏஐ பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

'தீமைகள்' என்று போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைக் கூப்பிடுகிறீர்கள். நீங்கள் நாற்பது கட்டுரை படிக்கவில்லை அம்மா, ஒரே கட்டுரையை நாற்பது தடவை படித்திருக்கிறீர்கள். அதில் பறவை கூடு கட்டாது என்றும் இருந்திருக்குமே? எங்கள் கண்மாய்க்குள் அந்த மரத்தில் கொக்குக் கூடுகளை எண்ணியவன் நான். நீதிமன்றமே வெட்டச் சொல்லிவிட்டது என்றும் இருந்திருக்கும். அதோடு 'தடை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும், அதே ஆண்டு சென்னை முதன்மை அமர்வு அதை இடைக்காலமாக நிறுத்தி வைத்ததும் கிடைத்திருக்கும்.

சரி, பெயருக்கு வருகிறேன். எங்கள் பக்கம் சீமைக்கருவை. வேறு ஊர்களில் வேலிக்காத்தான். வனத்துறை அறிக்கையில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022க்குப் பிந்தைய தாவரவியல் கட்டுரைகளில் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்றும் இருக்கும். குஜராத்தில் காண்டோ பாவள், அதாவது பைத்தியக்காரக் கருவேலம். அங்கே கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில் உப்புநிலம் பரவாமல் இருக்க 1961இல் வனத்துறையே இதை நட்டது. இன்று மாடு மேய்ப்பவர்கள் மேய்ச்சல் போச்சே என்கிறார்கள், கரி சுடுபவர்கள் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஒரே மரம்தான், ஆனால் ஒவ்வொரு பெயரும் வேறு வேறு ஆட்களிடம் கொண்டுபோய் விடும். சோம்பல்பட்டு வெறும் 'கருவேலம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்கிறோமே, அந்த நாட்டுமரம் வந்து நிற்கும். பூவைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நாட்டுக்கருவைக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கருவைக்கு நீளமான கதிர்.

உங்கள் வயதில் நானும் இதே மரத்தைத் திட்டி மேடையில் முழங்கியிருக்கிறேன். நல்ல கைதட்டல். அது ஓய்ந்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர், யாருடைய அப்பாவோ, எழுந்து நின்று கேட்டார்: "தம்பி, காலையில நீங்க தின்ன சோறு எந்த விறகுல வெந்துச்சு?"

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் அந்த விறகுதான். அது மட்டுமா, என் பரீட்சைக் கட்டணமே அம்மா கரிமூட்டத்துக்குக் கூலிக்குப் போய்க் கட்டியது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிய முள்ளை ஊக்கால் நெண்டி எடுப்பாள். எடுத்த முள்ளை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். அவள் எதிரிலேயே உட்கார்ந்துதான் அந்தப் பேச்சை மனப்பாடம் செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

'கரிமூட்டம்' என்று தேடுங்கள். 'விறகுக்கரி' என்று தேடுங்கள். உங்களை எதிர்த்துப் பேச வேண்டியவர் வாயில் என்ன சொல் இருக்கும் என்று யோசித்து, அதைப் போடுங்கள். அதையெல்லாம் படித்த பிறகும் அகற்றத்தான் வேண்டும் என்று பேசலாம். கண்மாய்க்குள் மண்டிக் கிடப்பதை எடுக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பெரியவர் எழுந்து கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும்.

அப்புறம், போட்டிக்கு முன் ஒரு நாள் ஊருக்கு வெளியே போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வாருங்கள். மஞ்சள் உருண்டையாக இருந்தால், அந்த மரத்தை விட்டுவிடச் சொல்லிப் பேசுங்கள்.