கட்டுப் போட்ட பிறகு என்ன? எலும்பு முறிவு – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளை எல்லாம் படித்துப் பார்த்தேன். கீழே விழுந்த பயத்தைவிட, அடுத்து என்ன செய்வது என்ற குழப்பம்தான் எல்லோரையும் அதிகம் வாட்டுகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பைக் கூட்டிக்கொள்வது உடம்பின் வேலை. கோணாமல் கூடுகிறதா, கூடும் வரை மூட்டும் தசையும் தோலும் நுரையீரலும் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. கடந்த இருபது வருடங்களில் வந்த பெரிய ஆய்வுகள் எங்கள் பழக்கங்கள் சிலவற்றை மாற்றியிருக்கின்றன. அவற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். ‘இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா, படுக்க வைத்தே பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது? – மகள், திண்டுக்கல்

டாக்டர் பரிசோதித்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சம்மதம் கொடுங்கள் அம்மா.

படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று நான் சின்ன வயதிலேயே பார்த்தவன். என் அப்பத்தா முற்றத்தில் விழுந்தபோது, காலின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, தானாகக் கூடிவிடும் என்று படுக்க வைத்தார்கள். மூன்றாவது வாரம் முதுகின் அடிப்பக்கம் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. அடுத்த வாரம் அது உள்ளங்கை அகலப் புண். புரட்டிப் படுக்க வைத்தால் வலியில் அலறுவார் என்று யாரும் புரட்டவில்லை. அப்புறம் நெஞ்சில் சளி கட்டியது. இரண்டாவது மாதம் போய்விட்டார். அம்மாவும் அத்தையும் ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். அன்புக்குக் குறைவே இல்லை. எழுந்து உட்கார முடியாத முதியவரை அன்பு மட்டும் காப்பாற்றாது.

இந்த ஆபரேஷனின் முக்கிய நோக்கமே எழுந்து உட்கார வைப்பதுதான். முறிந்த இடத்தைப் பொறுத்து ஆணியோ, பிளேட்டோ, செயற்கைப் பந்து மூட்டோ வைப்பார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்துவிடலாம் என்பதால், மயக்க மருந்து பயம் பாதி குறையும்.

எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? ‘ஹிப் அட்டாக்’ என்ற ஆய்வு 2020இல் வெளியானது. இந்தியா உட்பட 17 நாடுகளைச் சேர்ந்த 2,970 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, முறிவு உறுதியானதிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன். மற்றதற்கு வழக்கமான வேகத்தில், சுமார் 24 மணி நேரத்தில். மூன்று மாதத்தில் இறந்தவர்கள் முதல் குழுவில் 9 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவாக இருந்தன. சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்கும் போனார்கள்.

இந்த ஆய்வில் என்னை உறுத்திய விஷயம் வேறு. அங்கே ‘மெதுவான’ குழு என்பதே ஒரு நாள்தான். நம் வீடுகளிலோ பெரியப்பா வரட்டும், அமாவாசை கழியட்டும், இன்னொரு டாக்டரையும் கேட்போம் என்று ஒரு வாரம் போகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதயக் கோளாறு இருப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு நாள் தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும், பஞ்சாங்கம் வேண்டாம்.

இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பும்போது எலும்பை வலுப்படுத்தும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு வருடம் ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்புகள் 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, வைட்டமின் டி போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். நம் ஊரில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

எனக்கு 62 வயது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு விலகி முறிந்துவிட்டது. ஒரு டாக்டர் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் மாவுக்கட்டு போதும் என்கிறார். யார் சொல்வது சரி? – நாகர்கோவில்

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். முறிவு மூட்டுக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரேயைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 461 பேரிடம் பிளேட்டையும், தோல் வழியே செருகும் மெல்லிய கம்பியையும் ஒப்பிட்டார்கள். 2014இல் முடிவு வந்தபோது, ஒரு வருடம் கழித்துக் கை வேலை செய்வதில் வித்தியாசம் இல்லை. பிறகு 500 பேரிடம் கம்பியையும், இழுத்து நேராக்கிப் போடும் மாவுக்கட்டையும் ஒப்பிட்டார்கள். 2022இல் வந்த அந்த முடிவிலும் ஒரு வருடம் கழித்து வித்தியாசம் இல்லை. ஆனால் மாவுக்கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு மறுபடி விலகி, ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது.

ஆகவே நேராக்கிய பிறகு எக்ஸ்ரே நன்றாக இருந்தால் மாவுக்கட்டில் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் டாக்டர் சொல்லும் நாளில் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வலி இல்லையே என்று போகாமல் இருந்துவிட்டு, ஆறாவது வாரம் கோணலாகக் கூடிய கையுடன் வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

என் 7 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். மணிக்கட்டில் ‘லேசான மடிப்பு’, கட்டுத்துணி போதும் என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். – வேலூர்

குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. வயதானவர்களுடையதுபோலப் பட்டென்று ஒடியாமல், ஓரம் மட்டும் மடிந்து புடைக்கும். இப்படிப்பட்ட முறிவு உள்ள 4 முதல் 15 வயது வரையான 965 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. வெறும் துணிக்கட்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கும், அசையாமல் பிடிக்கும் கட்டு போட்டவர்களுக்கும் மூன்றாவது நாள் வலி ஒன்றுதான். ஆறு வாரத்தில் கை செயல்பட்ட விதமும் ஒன்றுதான். உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நாட்டுக் கட்டுப் போட்டுக் குணமானது என்று கேள்விப்படுபவற்றில் பல இந்த வகைதான். எந்தக் கட்டும் இல்லாமலே கூடியிருக்கும். எண்ணெயில் ஆபத்து இல்லை. மூங்கில் பத்தையை வைத்து இறுக்கிக் கட்டுவதில்தான் ஆபத்து. முழங்கைக்கு மேலே முறிந்த குழந்தைக்கு அப்படிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசையே செத்துப்போகலாம். யார் போட்ட கட்டாக இருந்தாலும் சரி: விரல் வெளிறினாலோ நீலமானாலோ, மரத்துப் போனாலோ, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே குழந்தை அலறினாலோ, கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கணுக்காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். காலை ஊன்றலாம் என்கிறார் டாக்டர். ஆறு வாரம் ஊன்றவே கூடாது என்றுதானே சொல்வார்கள்? – சேலம்

முன்பு நாங்களும் அப்படித்தான் சொன்னோம். 561 பேரிடம் நடத்திய ஆய்வு 2024இல் வந்தது. இரண்டு வாரத்தில் ஊன்ற ஆரம்பித்தவர்கள், ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிட நான்காவது மாதத்தில் பின்தங்கவில்லை. ஊன்றுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தால் மட்டும் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஆட்டுக்கால் சூப், பிரண்டை, கால்சியம் மாத்திரை – எது எலும்பைச் சீக்கிரம் கூட்டும்? – தஞ்சாவூர்

சூப் குடியுங்கள், தெம்பாக இருக்கும். ஆனால் அதில் கால்சியம் அதிகம் என்று எண்ண வேண்டாம். ஒரு டம்ளர் பாலிலும் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழிலும் அதைவிட அதிகம். பிரண்டையை வைத்து நம் நாட்டில் 1960களிலேயே விலங்குகளிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகளே. துவையலாகச் சாப்பிடத் தடையில்லை, அதை நம்பிச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். நம் மக்கள் உண்மையில் குறைவாகச் சாப்பிடுவது புரதம். முட்டை, பயறு, மீன், தயிர் – இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். முறிவு வந்ததும் பத்தியம் என்று ரசமும் சாதமும் மட்டும் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

முழங்காலுக்குக் கீழே ராடு வைத்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் முழுசாகக் கூடவில்லை. ஒலி அலைக் கருவி வாங்கினால் சரியாகுமா? – திருப்பூர்

இந்த எலும்பில் புதிய முறிவு உள்ள 501 பேரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு நிஜக் கருவி, பாதிப் பேருக்கு ஒலி வராத போலிக் கருவி. 2016இல் வந்த முடிவு: கூடும் வேகத்தில் வித்தியாசமே இல்லை. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: சிகரெட், பீடி உண்டா? இருந்தால் இன்றே விடுங்கள். புகை, எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். காயத்தில் சீழ், சர்க்கரை அளவு இரண்டையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய மருத்துவமனையில் என்னை ஒரு ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எந்தச் சிகிச்சை என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யுமாம். நான் சோதனை எலியா? – மதுரை

பயம் நியாயமானது. இரண்டு சிகிச்சையில் எது மேல் என்று மருத்துவ உலகத்துக்கே தெரியாதபோதுதான் இப்படிச் சீட்டுக் குலுக்குவார்கள். டாக்டர் கையில் விட்டால், தனக்குப் பிடித்த சிகிச்சைக்குத் திடமான நோயாளிகளை அனுப்பிவிடுவார், ஒப்பீடு கெட்டுப்போகும். மேலே நான் சொன்ன பதில்களில் பல, உங்களைப் போல யாரோ ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டதால் கிடைத்தவைதான்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? அந்தப் பதிவேட்டை 2007 முதல் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்கும் என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா? படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு ராத்திரி வைத்துப் படிக்க விடுகிறார்களா என்று பாருங்கள். அவசரச் சிகிச்சையாக இல்லாமல், உடனே இங்கேயே போடுங்கள் என்று நெருக்கினால் போடாதீர்கள்.