பிரெஞ்ச் பிரஸ் மண்டி: ரசிப்பதா, கொட்டுவதா?

பிரெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது உலோக வலை பொருத்திய தண்டை (பிளஞ்சர்) அழுத்தி வடிக்கும் ஜாடியில், போட்ட காபியில் ஒரு விரல்கடை மண்டி (தூள் வண்டல்) கோப்பையில் தங்குகிறது, கடைசி வாய் சேறு மாதிரி இருக்கிறது, இதையா எல்லாரும் ரசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டியையே விரும்பிக் குடிப்பவர்கள் குறைவுதான். பலருக்குப் பிடிப்பது அந்தக் கனம். காகித வடிகட்டி பிடித்துவைக்கும் எண்ணெயையும் நுண்ணிய தூளையும் உலோக வலை விட்டுவிடுகிறது, அதனால்தான் பிரஸ் காபி நாக்கில் திக்காக நிற்கிறது, கொஞ்சம் மண்டியும் கூடவே வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் சொல்லும் ஒரு விரல்கடை என்பது ரொம்ப அதிகம். பிளேடு கிரைண்டர் என்று சொன்னீர்களே, என் சந்தேகம் அதன் மேல்தான். அது கொட்டையைச் சீராக அரைக்காது, கண்டபடி வெட்டும், துண்டும் மாவுமாகக் கலந்து வரும்.

இரண்டு பல்வட்டுகளுக்கு நடுவில் சீராக அரைக்கும் பர் கிரைண்டர் வாங்கும்வரை, 4 நிமிடம் ஊறியதும் மேலே மிதப்பதைக் கலக்கி, நுரையை எடுத்துவிட்டு, இன்னும் 5 நிமிடம் சும்மா விடுங்கள், தூள் தானாக அடியில் படியும். அப்புறம் பிளஞ்சரை அடிவரை அழுத்தாமல், காபியின் மேல்மட்டத்திலேயே நிறுத்தி மெதுவாக ஊற்றுங்கள். ஜாடியின் அடியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கொலஸ்ட்ரால் தொல்லை இருந்தால் மட்டும் கவனம்: காகிதத்தில் வடிகட்டாத காபியின் எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, ஏற்றும். அப்படியானால் காகிதத்தில் ஒருமுறை வடித்துவிடுங்கள், கனம் போய்விடும், வேறு வழியில்லை.