பழைய லைசென்ஸ், புதிய தடை: ஏற்றுமதியாளர் கேள்வி பதில்

ஒரு நாட்டின் மீதோ நிறுவனத்தின் மீதோ வர்த்தகத் தடை வந்தால், ஏற்கெனவே வாங்கிய ஏற்றுமதி லைசென்ஸ் என்ன ஆகும்? வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அரசாங்கமே கொடுத்த லைசென்ஸை அதே அரசாங்கம் பாதியில் பிடுங்க முடியுமா ஐயா?

முடியும். லைசென்ஸ் வெறும் அனுமதிதான், சொத்து அல்ல. முன்னறிவிப்பு இல்லாமலே அதைத் திருத்தலாம், நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம் என்று அமெரிக்க ஏற்றுமதி விதிகள் சொல்கின்றன. 2019 மே மாதம் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவே அமெரிக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. அதன் பிறகும் இன்டெலும் குவால்காமும் லைசென்ஸ் வாங்கி அதற்குச் சிப் விற்றுவந்தன. 2024 மே மாதம் அந்த லைசென்ஸ்களில் சில ரத்தாயின.

கேள்வி: சார், 2022-ல் ரஷ்யா மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டபோது, முன்பே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு என்ன வழி இருந்தது?

வழி இருந்தது, ஆனால் குறுகலானது. சிவில், ராணுவம் இரண்டுக்கும் பயன்படும் பொருளாக இருந்தால், ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 26-க்கு முன் கையெழுத்தாகியிருக்க வேண்டும். புது அனுமதி கேட்டு மே 1-க்கு முன் விண்ணப்பித்திருக்கவும் வேண்டும். அப்போதும் அனுமதி தருவது அதிகாரிகளின் முடிவுதான். வாங்குபவர் ராணுவம் சார்ந்தவராக இருக்கலாம் என்று நம்ப இடமிருந்தால் தர மாட்டார்கள். விமானப் பாகங்களுக்கு வேறு கணக்கு: பழைய ஒப்பந்தத்தை முடிக்க மார்ச் 28 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

ஒரே சட்டத்துக்குள் எத்தனை தேதிகள் பாருங்கள். பலர் லைசென்ஸ் காலாவதியாகும் நாளை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தடை வந்த அன்றே பார்க்க வேண்டியது ஒப்பந்தத் தேதி, விண்ணப்பக் கடைசி நாள், சரக்கு கிளம்பிய நாள்.

கேள்வி: பழைய ஒப்பந்தத்துக்குச் சட்டமே விலக்கு கொடுத்துவிட்டால் கவலை இல்லைதானே அண்ணா?

அப்படியும் சொல்ல முடியாது தம்பி. பிரான்ஸ் 2011-ல் இரண்டு மிஸ்ட்ரால் போர்க்கப்பல்களை ரஷ்யாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. மதிப்பு சுமார் 120 கோடி யூரோ. 2014-ல் வந்த ஐரோப்பிய ஆயுதத் தடை, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-க்கு முந்தைய ஒப்பந்தங்களைத் தொடவில்லை. ஆனாலும் கப்பலை ஒப்படைக்க பிரான்ஸின் சொந்த ஏற்றுமதி அனுமதி வேண்டும். நவம்பரில் அதிபர் ஒல்லாந்த் அந்த விண்ணப்பத்தின் பரிசீலனையை நிறுத்திவைத்தார். 2015 ஆகஸ்டில் ஒப்பந்தமே முறிந்தது. ரஷ்யாவுக்குச் சுமார் 95 கோடி யூரோ திரும்பப் போனது. கப்பல்களை எகிப்து வாங்கிக்கொண்டது. ஐரோப்பியத் தடை விட்டுவைத்ததைத் தேசிய அனுமதி நிறுத்திவிட்டது.

கேள்வி: சரக்கு ஏற்கெனவே கப்பலில் போய்க்கொண்டிருந்தால்?

அமெரிக்க விதிகளில் பெரும்பாலும் இதற்கென்று ஒரு பிரிவு சேர்ப்பார்கள்: அறிவிப்பு வந்த நாளில் வண்டியிலோ கப்பலிலோ ஏறிப் பயணத்தில் இருந்தால் பழைய விதிப்படி போகலாம். கிடங்கில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஏற்றிய நாளைக் காட்டும் ஆவணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சரக்கு அனுப்பாததற்கு ரஷ்ய வாடிக்கையாளர் நஷ்டஈடு கேட்டால்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தக் கோரிக்கை நிற்காது. ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு தடுக்கிறது. ஆனால் தடை சார்ந்த வழக்குகளைத் தன் நீதிமன்றங்களே விசாரிக்கலாம் என்று ரஷ்யா 2020-ல் சட்டத்தைத் திருத்தியது. அங்கே உங்களுக்குச் சொத்தோ பணமோ இருந்தால் அது ஆபத்தில்தான்.

கேள்வி: கோவையிலிருந்து கேட்கிறேன் சார். ஜெர்மனியிலிருந்து பேரிங் வாங்குகிறோம். 'ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி செய்யக் கூடாது' என்ற நிபந்தனையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பழைய ஒப்பந்தத்துக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சில குறிப்பிட்ட பொருள்களுக்கு இந்த நிபந்தனையை 2024 மார்ச் 20 முதல் ஐரோப்பிய விற்பனையாளர்கள் சேர்த்தே ஆக வேண்டும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற கூட்டாளி நாடுகளுக்கு விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. 2023 டிசம்பர் 19-க்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு அதிகபட்சம் 2024 டிசம்பர் 20 வரைதான் அவகாசம் இருந்தது. அது முடிந்துவிட்டது. உங்கள் பேரிங்கின் சுங்க எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், அந்த பேரிங்கை நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள் என்ற பதிவையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.