எல்கேஜி இந்த ஜூனிலா, அடுத்த வருடமா?

அடுத்த வருடமே சேருங்கள். ஜூலை 20-இல் பையனுக்கு மூன்று வயது முடிகிறது என்கிறீர்கள். ஜூலை 31 அன்றைய வயதுக் கணக்கில் இப்போதே இடம் கிடைக்கும், ஆனால் வகுப்பில் அவன்தான் கடைக்குட்டி. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு வேறு, தினம் இரண்டு தடவை. வேனில் வாந்தி எடுத்தே பள்ளியை வெறுத்துவிடுவான்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு வாரம் பக்கத்து அங்கன்வாடியில் விட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு வருகிறதென்று டீச்சரிடம் தானே சொல்கிறானா, டிபன் டப்பா மூடியைத் திறக்கிறானா, அது போதும். அழுகையைக் கணக்கில் எடுக்காதீர்கள். என் மகள் யூகேஜியிலும் அழுதாள்.

ஆனால் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) படி தனியார் பள்ளியில் இலவசமாகத் தரும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். அதில் எல்கேஜிக்கு 3 முதல் 4 வயதுதான். அடுத்த ஜூலை 31-இல் உங்கள் பையனுக்கு நான்கு வயதுக்கு மேல் 11 நாள் கூடிவிடும்.