அமெரிக்கக் குடியேற்றக் கால எழுத்தாளர்கள்: கேள்விகளும் பதில்களும்

1607இல் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறினார்கள். அது முதல் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் எழுதியவர்களைப் பற்றி நண்பர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் காலத்து நூல் எதை எடுத்தாலும், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார், எப்போது அச்சேறியது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். என் பதில்கள் பலவும் அதிலிருந்தே பிறப்பவை.

கேள்வி: போகஹான்டஸ் என்ற பழங்குடிச் சிறுமி ஜேம்ஸ்டவுன் குடியேறி ஜான் ஸ்மித்தின் உயிரைக் காப்பாற்றினாள் என்பது உண்மையா ஐயா? என் மகள் கேட்கிறாள்.

நான் நம்பவில்லை. 1607 டிசம்பரில் ஸ்மித் பிடிபட்டதும், பவ்ஹாட்டன் பழங்குடித் தலைவர் முன் கொண்டுபோகப்பட்டதும் உண்மை. அவர் எழுதி அனுப்பிய விவரம் அடுத்த ஆண்டே லண்டனில் அச்சானது. அதில் தலைவர் நன்றாக உபசரித்தார், விசாரித்தார், திருப்பி அனுப்பினார் என்றுதான் இருக்கிறது. கல்லின் மேல் வைத்த தலை, ஓங்கிய தடிகள், ஓடிவந்து அந்தத் தலையை அணைத்துக்கொண்ட சிறுமி எல்லாம் 1624இல் வந்த நூலில்தான் விரிவாக வருகின்றன. அதற்குள் போகஹான்டஸ் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுடைய தந்தையான அந்தத் தலைவரும் உயிரோடில்லை.

அது தத்தெடுக்கும் சடங்காக இருக்கலாம், ஸ்மித்துக்குப் புரியவில்லை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. நடந்ததற்கே உறுதி இல்லாதபோது அதற்கு விளக்கம் தேடுவதில் எனக்கு மனம் செல்லவில்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அப்போது அவளுக்குப் பத்துப் பதினொரு வயதுதான் இருக்கும். 1613இல் ஆங்கிலேயர் அவளைக் கடத்திப் பணயமாக வைத்திருந்தார்கள். மறு ஆண்டு ஜான் ரோல்ஃப் என்ற ஆங்கிலேயக் குடியேறிக்கு மணமுடித்தார்கள். ஆதாரமுள்ள இந்தக் கடத்தலை விட்டுவிட்டு ஆதாரமில்லாத அந்தக் காட்சியையே குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கேள்வி: பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிய வரலாற்றில் முதல் நன்றி நவிலல் விருந்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. தவறவிட்டேனா?

இல்லை, நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1621 இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதும்போது அவர் மீன், நீர்ப்பறவைகள், காட்டு வான்கோழி, மக்காச்சோளம் எல்லாவற்றையும் சொல்கிறார், விருந்தைச் சொல்லவில்லை. அது உடன் குடியேறிய எட்வர்ட் வின்ஸ்லோ அந்த டிசம்பரில் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வாம்பனோக் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு ஆட்களுடன் வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். சில வரிகளில் முடிந்துவிடுகிற செய்தி அது.

பிராட்ஃபோர்டு விட்டுவிட்ட இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. 1620 டிசம்பரில் அவர் படகில் கரையை ஆராயப் போயிருந்த நேரத்தில் அவருடைய மனைவி டாரத்தி இறந்துபோனார். அவர்கள் வந்த மேஃபிளவர் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மூழ்கினார் என்று பல பத்தாண்டுகள் கழித்து பாஸ்டன் மதகுரு காட்டன் மேதர் எழுதித்தான் தெரிகிறது. பிராட்ஃபோர்டின் கதையோட்டத்தில் அந்த மரணத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பின்னிணைப்பாக, கப்பலில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் போட்ட பட்டியலில் மட்டும், தன் மனைவி வந்த சிறிது காலத்தில் இறந்தார் என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

உணர்ச்சியற்ற மனிதர் என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த முதல் குளிர்காலத்தைப் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வசந்தத்துக்குள் போய்விட்டார்கள். மோசமான நாட்களில் நடமாட முடிந்தவர்கள் ஆறேழு பேர்தான். விறகு கொண்டுவந்தது, தீ மூட்டியது, நோயாளிகளின் அழுக்குத் துணியைத் துவைத்தது, அவர்களுக்கு உடுத்திவிட்டது என்று ஒவ்வொரு வேலையாகச் சொல்லி அவர்களைப் போற்றுகிறார். அந்த நோயாளிகளில் அவரும் ஒருவர். குடியேற்றக் கால உரைநடையில் இதற்கு இணையான பக்கம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

அந்த வரலாற்றின் கையெழுத்துப் படி பாஸ்டனிலிருந்து காணாமல் போய், லண்டன் பேராயரின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் அகப்பட்டு, 1856இல்தான் முழுமையாக அச்சேறியது. எழுதி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு!

கேள்வி: 'மலைமேல் இருக்கும் நகரம்' என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப் கப்பலில் ஆற்றிய உரைதான் அமெரிக்காவின் அடித்தளம் என்கிறார்களே?

அந்த உரை அச்சில் வந்தது 1838இல். 1630 பயணத்தில் அதைக் கேட்டதாகக் கூட வந்தவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. இருநூறு ஆண்டுகள் அச்சில் இல்லாத உரை எதற்கும் அடித்தளமாக இருக்க முடியாது. 'மலைமேல் நகரம்' மத்தேயு நற்செய்தியில் வரும் தொடர். வின்த்ராப் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தவறினால் உலகமே பார்த்துச் சிரிக்கும் என்ற எச்சரிக்கையாகச் சொன்னார்.

கேள்வி: ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள் அவருக்குத் தெரியாமலேயே அச்சானதாமே? அது அடக்கத்துக்காகச் சொன்னதா?

அவருடைய தங்கையின் கணவர் ஜான் உட்பிரிட்ஜ் கையெழுத்துப் படியை லண்டனுக்குக் கொண்டுபோனார்; 1650இல் நூல் வந்தது. தன் நூலையே விளித்து ஆன் எழுதிய கவிதையில், கந்தல் உடுத்தி முகம் கழுவாமல் வீட்டைவிட்டு இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளை என்கிறார். முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கறைதான் கூடுகிறது என்கிறார். வெறும் அடக்கமாக எனக்குத் தோன்றவில்லை. தன் எழுத்தைத் திருத்த விரும்பிய ஒருவரின் வேதனை அதில் இருக்கிறது. திருத்தங்களோடு மறுபதிப்பு பாஸ்டனில் வந்தது 1678இல். அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்த முதல் நூலில் உள்ள நான்கு பூதங்கள், நான்கு பேரரசுகள் பற்றிய நெடுங்கவிதைகளை அவசரமில்லாமல் பிறகு படிக்கலாம். 1666 ஜூலை 10 இரவில் ஆண்டோவரில் அவருடைய வீடு எரிந்ததைப் பற்றிய கவிதையைத்தான் நான் முதலில் கொடுப்பேன். பிறகு அந்த வழியே நடக்கும்போது கண் தானாக அங்கே போகிறது. இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது, இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தினர் அமரப்போவதில்லை, பழங்கதை பேசப்போவதில்லை என்று எண்ணிப் பார்க்கிறார். பிறகு எல்லாம் மாயை என்று தன்னையே அதட்டிக்கொண்டு விண்ணக வீட்டைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பக்தி உண்மையானது. பெட்டியின் மேலிருந்த ஆசையும் உண்மையானது. இரண்டையும் மறைக்காமல் வைத்த துணிவுக்காகவே அவரைப் பெரிய கவிஞர் என்கிறேன்.

கேள்வி: ஆன் ஹட்சின்சன் என்ன எழுதினார்?

அவர் எழுதிய நூல் எதுவும் நம்மிடம் இல்லை. பாஸ்டனில் தன் வீட்டில் கூட்டம் நடத்தி மதகுருமாரின் பிரசங்கங்களை அலசினார் என்று 1637 நவம்பரில் வழக்கு நடந்தது. அந்த விசாரணையின் பதிவில்தான் அவர் குரல் கேட்கிறது. நீதிபதி இருக்கையில் வின்த்ராப். எதிரே நாற்பத்தாறு வயதுக் கர்ப்பிணி. கேள்விக்குக் கேள்வி, வசனத்துக்கு வசனம் பதில் வருகிறது. தீர்ப்பானதும் எதற்காக நாடு கடத்தப்படுகிறேன் என்று கேட்கிறார். மேலும் பேசாதே, காரணம் மன்றத்துக்குத் தெரியும், மன்றத்துக்கு அது போதும் என்கிறார் வின்த்ராப். அந்த ஒரு பதிலில் அந்தக் குடியேற்றத்தின் அதிகாரம் முழுவதும் தெரிகிறது. பதிவை 1767இல் அச்சில் கொண்டுவந்தவர் ஆனின் வம்சத்தில் வந்த தாமஸ் ஹட்சின்சன்.

கேள்வி: எல்லாரும் ஆங்கிலேயராகவே இருக்கிறார்களே. மண்ணின் மக்களின் குரல் எங்கேயும் இல்லையா?

இருக்கிறது, ஆங்கிலேயர் நூல்களுக்குள் புகுந்து தேட வேண்டும். மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டு பிராவிடன்ஸை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ், நராகன்செட் மொழிக்கு 1643இல் ஒரு கையேடு வெளியிட்டார். வணக்கம் சொல்வது, உண்பது, உறங்குவது என்று அத்தியாயங்கள் போகின்றன. அந்த மக்களிடம் விலைக்கு வாங்காமல் அவர்கள் நிலத்தைக் கொடுக்க அரசருக்கு உரிமையில்லை என்று வாதிட்டவர் அவர்.

மேரி ரோலண்ட்சன், வாம்பனோக் தலைவர் மெட்டாகாம் ஆங்கிலேயரை எதிர்த்து நடத்திய போரில், 1676 பிப்ரவரியில் சிறைப்பட்ட ஆங்கிலேயப் பெண். ஆறு வயது மகள் அவர் மடியிலேயே இறந்தாள். 1682இல் வந்த அவருடைய நூலில் தன்னைச் சிறைப்படுத்தியவர்களைக் கடுமையாகத் திட்டுகிறார். ஆனால் மெட்டாகாம் தன் மகனுக்குச் சட்டை தைக்கச் சொன்னதையும், அதற்கு ஒரு ஷில்லிங் கொடுத்ததையும், கரடிக் கொழுப்பில் பொரித்த அப்பம் தந்ததையும் எழுதுகிறார். அதைவிடச் சுவையான உணவைச் சாப்பிட்டதே இல்லை என்கிறார்.

இன்னொருவரையும் நினைவில் வையுங்கள்: ஜேம்ஸ் பிரிண்டர். நிப்மக் இனத்தவர். 1663இல் மாசசூசெட் மொழியில் முழு விவிலியம் அச்சானபோது அச்சகத்தில் உழைத்தவர். ரோலண்ட்சன் நூலுக்கு எழுத்துக் கோத்தவரும் அவரே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேரியை மீட்கும் பேரத்தில் கடிதம் எழுதிய கையும் அவருடையது என்பார்கள்.

கேள்வி: காட்டன் மேதருக்கும் தரங்கம்பாடிக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். பாஸ்டனிலிருந்து மேதர் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குக்குக் கடிதம் எழுதினார். சீகன்பால்கு 1719இல் இறந்துவிட, உடன் பணியாற்றிய கிரண்ட்லர் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களை மேதர் 1721இல் தம் நூலொன்றில் அச்சிட்டார். சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலுக்கும் 1718இல் எழுதி, கனெக்டிகட் கல்லூரிக்கு உதவினால் உங்கள் பெயர் நிலைக்கும் என்று ஆசை காட்டியவர் அவரே. யேல் ஒன்பது கட்டுச் சரக்கும் 417 நூல்களும் அனுப்பினார். கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது.

மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளை ஆதரித்து எழுதிய கறை மேதர் மேல் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே மனிதர், தம் வீட்டில் அடிமையாக இருந்த ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்கரிடமிருந்து அம்மை குத்தும் முறையை அறிந்து, 1721 பெரியம்மையின்போது ஊரே எதிர்க்க அதற்காகப் போராடினார். அவர் வீட்டுக்குள் வெடிகுண்டு எறிந்தார்கள். ஒனிசிமஸின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

கேள்வி: தொடக்க வாசகர் எதில் ஆரம்பிக்கலாம்?

ரோலண்ட்சனில் தொடங்குங்கள், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். பிறகு பிராட்ஸ்ட்ரீட்டின் வீடு எரிந்த கவிதை, ஹட்சின்சன் விசாரணைப் பதிவு, பிராட்ஃபோர்டின் முதல் குளிர்காலம். 1702இல் வந்த மேதரின் பெரிய திருச்சபை வரலாற்றைக் கடைசியில் எடுங்கள். அதில் அவர் போற்றும் பலரை நீங்கள் முன்பே அறிந்திருந்தால்தான் எங்கே மிகைப்படுத்துகிறார் என்பது பிடிபடும்.