தோண்டுவதுதான் அதன் தொழில்

கேள்வி: எங்கள் ஜாக் ரஸ்ஸல் நாய்க்கு ஒன்றரை வயது. இரண்டு வேளை வாக்கிங் கூட்டிப் போயும் அடங்குவதில்லை. பூந்தொட்டிகளைத் தோண்டிப் போடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, கோவை

பதில்: அடக்கப் பார்க்காதீர்கள் அம்மா, வேலை கொடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் நரி வேட்டைக்காக உருவாக்கிய இனம் இது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்ட வேண்டிய நாய் தோண்டாமல் எப்படி இருக்கும்? பழைய டப்பில் மணல் நிரப்பி, எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டைப் புதைத்து வையுங்கள். தொட்டிப் பக்கம் போனால் திட்டாமல் டப்புக்கு அழைத்து வாருங்கள். அங்கே தோண்டினால் உடனே பாராட்டுங்கள். எங்கள் நாய் பிங்கி மூக்கு முழுக்க மண்ணோடு நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! அப்புறம், ரோட்டில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். அணிலைப் பார்த்துவிட்டால் நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது.