ஆராய்ச்சி அணு உலையில் எரித்து முடித்த எரிபொருளைக் கப்பலில் அது வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்களாமே, கடலுக்கு ஆபத்து இல்லையா?

கட்டாயம் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். நான் பாம்பன்காரன், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கடலை நம்பி வாழும் குடும்பம் என்பதால் உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கப்பலைவிட, அந்த எரிபொருள் வருஷக்கணக்கில் முங்கிக் கிடக்கும் தொட்டியை நினைத்துத்தான் எனக்குப் பயம் அதிகம்.

எங்கள் வீட்டில் மீன் வியாபாரம். அலுமினிய அன்னக்கூடை உப்புத் தண்ணியிலேயே கிடந்தால் அங்கங்கே வெள்ளையாகப் பூக்கும். அதைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும். ஆராய்ச்சி உலை எரிபொருள் பலவற்றுக்கும் மேலுறை அலுமினியம்தான். தொட்டித் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருப்பது) ஏறினால் அதே மாதிரி குழி விழும். உறை ஓட்டையானால் சீசியம்-137 என்ற கதிர்வீச்சுப் பொருள் தண்ணீரில் கலக்கும்.

செர்பியாவில் வின்சா உலையில் இதுதான் நடந்தது. 1984-ல் உலையை நிறுத்தினார்கள். சோவியத் யூனியன் கொடுத்திருந்த எரிபொருள், சுமார் 8,000 துண்டுகள், பராமரிப்பில்லாத தண்ணீரில் கிடந்து அரித்துக் கசியத் தொடங்கியது. பிறகு எல்லாவற்றையும் புதுக் கலன்களில் அடைத்து, 2010-ல் ஹங்கேரி வழியாக ஸ்லோவேனியாவின் கோப்பர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலில் ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் சேர்த்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும்தான் பெல்கிரேடு பக்கத்து மக்களுக்கு நிம்மதி என்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அந்தக் காலத்தில் கொடுத்த யுரேனியத்தில் சில 90 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டியது, அதாவது அணுப்பிளவுக்கு உதவும் யுரேனியம்-235-ன் பங்கை அந்த அளவுக்குக் கூட்டியது. அது அணுகுண்டுக்கு ஆகும் சரக்கு, கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. வியட்நாமின் தலாத் உலை இப்போது குறைந்த செறிவு எரிபொருளில் ஓடுகிறது. மிச்சமிருந்த பழைய சரக்கு 2013-ல் ரஷ்யாவுக்குப் போய்விட்டது. அமெரிக்காவும் தான் கொடுத்ததை 1996-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் திரும்ப வாங்கியது.

சரி, கப்பல். எரிபொருளை வைக்கும் கனத்த உலோகக் கலத்தை 9 மீட்டர் உயரத்தில் இருந்து அசையாத தளத்தில் போட்டும், இரும்புக் கம்பி முனையில் விழவைத்தும், 800 டிகிரி நெருப்பில் அரை மணி நேரம் வைத்தும் தாங்குமா என்று பார்க்கிறார்கள். 200 மீட்டர் ஆழத்து நீரழுத்தத்தையும் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். நம் பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். பெரிய கப்பல்கள் அந்த வழியே வருவதும் இல்லை, இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. இந்தச் சரக்கை ஏற்றும் கப்பலுக்கென்று 2001 முதல் கட்டாய விதிகள் இருக்கின்றன: அடிபட்டாலும் மிதக்கும் திறன், தீயணைப்பு, மாற்று மின்சாரம், கதிர்வீச்சு அவசரத் திட்டம்.

பாதுகாப்புக்காகப் புறப்படும் நாளை ரகசியமாக வைப்பது நியாயம்தான். ஆனால் விபத்து நடந்தால் முதலில் பக்கத்தில் போய் நிற்கப்போவது மீன்பிடிப் படகுதான். எந்தக் கரையோரமாகப் போனாலும், அந்தக் கரை மீனவர்களுக்கு எவ்வளவு தூரம் விலக வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். இதை நான் விடாமல் கேட்பேன்.